பொதுப் பாதையை மூட விடமாட்டோம்

கூட்டத்தை நடத்தும் யேசுதாசன் மாஸ்டர் அவர்களே, முன்வரிசைக் கதிரைகளை நிறைத்திருக்கும் பெரியவர்களே, விடத்தல்தீவிலிருந்து பாயும் பானையுமாக வந்து இந்த மண்டபத்தையே வீடாக்கிக்கொண்ட தாய்மாரே, கடலுக்குப் போகத் தடையென்று கரையிலே கைகட்டி நிற்கும் ஓலைத்தொடுவாய்ச் சகோதரர்களே! இந்த மண்டபத்து வாசற்காவலன் காத்தமுத்து உங்கள் எல்லோரையும் வணங்கி நிற்கிறேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. கண்டது மறக்காது. மண்டபத்து வயர்லெஸ் இணையத்தில் பொதுமக்களின் பகுதி பழுதாகிறதாம், இனிக் கந்தோர் அலுவலகத்துக்கு மட்டும் வைப்போமாம். அப்படியொரு தீர்மானம் மேசையில் கிடக்கிறது. பழுதானதா? எப்படிப் பழுதானது? யார் கைபட்டுப் பழுதானது?

என்ன தம்பி பின்னால்? சுருக்கமாகவா? இருபது வருசம் வாசலில் வாய்மூடி நின்றவன் ஐயா நான், பத்து நிமிடம் பொறுக்கமாட்டீர்களா?

போன செவ்வாய் காலை தேடுதல். படையினர் சுவரிலே இணையக் கம்பிகள் செருகியிருந்த சுவிட்ச் பெட்டியின் கம்பிகளையெல்லாம் பிடுங்கிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. ஓர் இளஞ்சிப்பாய், நல்ல பிள்ளை, “சீயா, நான் சரியா வைக்கிறது” என்று சிங்களத்தில் என்னைத் தாத்தா முறை சொல்லி, ஒன்றன்பின் ஒன்றாக, வரிசையாக, வடிவாகச் செருகிவிட்டுப் போனான். அந்த வடிவிலேதான் பிழை இருந்தது!

பத்து மணிக்குப் பிரான்சிஸ்கா ஓடி வந்தார். கணவன் அந்தோனிமுத்து, காற்று இழுத்து எல்லை தாண்டி, அக்கரையிலே இந்தியச் சிறையில். மூன்று மணிக்கு வழக்கு. அதற்குள் படகின் பதிவுப் பத்திரம் வக்கீலுக்கு மின்னஞ்சலில் போகவேண்டும். போகாவிட்டால் மனிதனும் உள்ளே, படகும் உள்ளே. கந்தோர்ப் பெரியவர் வவுனியாவில், கணினி இருக்கும் அறை பூட்டு. கோபிக்காதீர்கள் ஐயா, நடந்ததைச் சொல்கிறேன். கையிலிருந்தது ஒரு மடிக்கணினி. அதிலும் கம்பி செருகும் வாய் உப்புக்காற்றில் கறள் பிடித்துப்போனது. வயர்லெஸ் ஒன்றே வழி.

புத்தளத்திலிருந்து வந்து நம் இணையத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹலீம் தம்பி குந்தினார்.

“சிக்னல் முழுசா இருக்கு அக்கா, முகவரிதான் வரேல்லை. இந்த 169 இலக்கம் மிசின் தானே போட்டுக்கொண்டது. வெளியில ஒருத்தரோடையும் கதைக்காது.”

“எனக்கு இலக்கம் வேண்டாம் தம்பி, என்ரை மனுசன் வேணும்!”

ஒரே கம்பிக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத இரண்டு பாதைகள். கந்தோருக்கு ஒன்று, நமக்கு ஒன்று. வீலான் என்பார்கள். ஹலீம் பெட்டியை நிறுத்தினார், போட்டார். மூன்று தரம். நான் எட்டிப் பார்த்தேன். “அப்பு, நீங்கள் வாசல்ல நில்லுங்கோ.” நின்றேன். என் நாவைக் கட்டிக்கொண்டு நின்றேன்! அது என் குற்றம்.

இரண்டு மணி. முகவரியைத் தன் கையாலேயே எழுதிப் போட்டுப் பார்த்தார். அப்போதும் அசைவில்லை. “அப்ப முகவரி குடுக்கிற இடத்தில பிழையில்லை. எங்கட பாதையையே வழியில எதுவோ மறிக்குது” என்றார்.

அதற்குமேல் பொறுக்கவில்லை. “தம்பி, வயர்லெஸ் தாற வெள்ளைப் பெட்டியின்ரை கம்பி, தேடுதலுக்கு முன்னம் கடைசித் துளையில தனிய நிண்டது. இப்ப மற்றதுகளோடை வரிசையில நிக்குது.”

தம்பி துள்ளி எழுந்தார். “கடைசித் துளை மட்டுந்தான் ரெண்டு பாதையையும் விடும்! மற்றதெல்லாம் கந்தோர்ப் பாதை. ஏன் அப்பு முதல்லையே சொல்லேல்லை?”

“நீதானே வாசல்ல நில்லெண்டாய்!”

சிரியுங்கள், சிரியுங்கள்! அன்று பிரான்சிஸ்கா சிரிக்கவில்லை. கம்பி மாறியது, முகவரி வந்தது, மூன்றுக்கு இருபது நிமிடம் இருக்கப் பத்திரம் கடல் தாண்டியது.

வழக்கு முடிந்ததா? இல்லை! அடுத்த மாதத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள். இன்னும் இரண்டு பத்திரம் கேட்கிறார்கள். அவை எந்தப் பாதையால் போகும்? நீங்கள் மூடப்போகும் பாதையால்! கம்பி இடம் மாறினால் கம்பியை மாற்றுங்கள். பாதையை ஏன் மூடுகிறீர்கள்? துளைக்கொரு நிறம் பூசுங்கள், கம்பிக்கும் அதே நிறம் சுற்றுங்கள். படித்தவனும் செருகட்டும், படிக்காதவனும் செருகட்டும், தமிழ் தெரியாத சிப்பாயும் செருகட்டும்! அடுத்த தேடுதலில் அந்தப் பெட்டியருகே நான் நிற்பேன். கண்டதைக் கண்டவுடனே சொல்வேன். வாசலுக்குப் போ என்றாலும் போகமாட்டேன்!

தீர்மானத்தை வேண்டாமென்பவர்கள் கையை உயர்த்துங்கள். உயர்த்துங்கள் தாய்மாரே! மாஸ்டர், எண்ணிக்கொள்ளுங்கள்.

பொறுமையோடு கேட்டவர்களுக்கும் பொறுமையிழந்து பின்னாலிருந்து கத்திய தம்பிக்கும் என் நன்றி. பிரான்சிஸ்கா, நாளைக்கே பத்திரங்களைக் கொண்டு வாருங்கள் அம்மா. எல்லோருக்கும் வணக்கம்.