அறுநூற்றுப் பன்னிரண்டு வானவில்

விழாவுக்குத் தலைமை ஏற்று, மூன்று மணி நேரமாக முகம் கோணாமல் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே. மேசைமீது மணியை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் கவிமன்றச் செயலாளர் அவர்களே. எனக்கு முன்னால் பேசி, எனக்கு ஒதுக்கிய நேரத்தையும் சேர்த்தே பேசி முடித்த பெருமக்களே. நரைத்த தலையும் நரைக்காத தமிழுமாய் முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே. மடியில் மழலையையும் மனத்தில் பொறுமையையும் ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே. நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் தோழர்களே. எல்லோருக்கும் பின்னால், கதவில் ஒரு கை வைத்து நின்றுகொண்டிருக்கும் அம்மா அவர்களே, சற்றுப் பொறுங்கள், போய்விடாதீர்கள். உங்கள் அனைவருக்கும் இந்தப் பிழைதிருத்துபவனின் பணிவான வணக்கம்.

வானவில்லை வாழ்த்துங்கள், வந்த கவிதைகளைப் போற்றுங்கள், வாயாரப் பாராட்டிவிட்டு உட்காருங்கள் என்று சொல்லித்தான் என்னை மேடை ஏற்றினார்கள். மன்னிக்க வேண்டும். நான் வயிற்றெரிச்சலைக் கொட்ட வந்திருக்கிறேன்.

வானவில்லைப் பற்றி ஹைக்கூ எழுதுங்கள் என்று மன்றம் அறிவித்தது. நடுவராக இருங்கள் என்று என்னிடம் சொன்னது. வந்தவை எத்தனை? அறுநூற்றுப் பன்னிரண்டு. அத்தனையையும் இந்தக் கண்களால் படித்தேன். ஹைக்கூ என்றால் என்ன? மூன்று வரி. ஒரு கணத்தைக் கண்டு, கண்டதைச் சொல்லி, சொன்னதும் வாயை மூடிக்கொள்வது. இந்த மூன்றில் நம்மவர்களுக்கு எது கடினமாக இருந்தது தெரியுமா? மூன்றுமே கடினமாக இருந்தன.

‘வானம் வளைத்த வில்’ என்று எழுதியவர்கள் எண்பத்தொரு பேர். வளைத்தீர்களே, அம்பு எங்கே? ‘ஏழு வண்ணப் பாலம்’ கட்டியவர்கள் எழுபது பேர். கட்டினீர்களே, ஒரு மனிதரையாவது அதில் நடக்கவிட்டீர்களா? ‘வானத்தின் புருவம்’ என்றவர்கள் நாற்பத்துமூன்று பேர். ஒருவர் பதினேழு வரி எழுதியிருந்தார். மூன்று வரி போதுமே என்று தொலைபேசியில் கேட்டேன். “மூணு வரிக்குள்ள எனக்கு மூச்சு முட்டுதுங்க” என்றார். எனக்குப் பதினேழு வரிக்குள் முட்டியது.

இதோ முன்வரிசையில் நம் கவிச்சூறாவளி இருக்கிறார். முப்பத்துநான்கு ஹைக்கூ அனுப்பியவர். ஒரே மழைக்கு முப்பத்துநான்கு வானவில். கையைத் தூக்காதீர்கள் ஐயா, இது பாராட்டு இல்லை.

என் துணைவியார்தான் உறைகளைப் பிரித்துக் கொடுத்தார். நான்காவது நாள், கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார். “இத்தனை வானவில் வந்திருக்கு. எழுதினவங்கள்ல ஒருத்தர்கூட நனையலையே.” அன்பர்களே, ஒரு நடுவர் ஒரு மணி நேரம் பேச வேண்டிய விமர்சனத்தை அவர் ஒற்றை மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். மழை இல்லாமல் வானவில் ஏது? நனையாமல் நல்ல கவிதை ஏது? ஜன்னலைக்கூடத் திறக்காமல், பாடப்புத்தகத்தைத் திறந்து ஏழு நிறத்தை எண்ணி, எண்ணியதை எடுத்து ஒட்டி அனுப்பினால் அது எப்படிக் கவிதையாகும்?

அன்று மாலை ஒரு தாள் வந்தது. வேலைச் சீட்டு ஒன்றின் பின்பக்கம். ஓரம் நனைந்து காய்ந்து அப்பளம் போல நெளிந்திருந்தது. துணைவியார் அதை நீட்டி, “இது ஒண்ணுதான் நனைஞ்சிருக்கு” என்றார். படித்தேன். எழுந்து நின்று மறுபடி படித்தேன். அறுநூற்றுப் பதினொரு கவிதைகள்மேல் எனக்கிருந்த கோபம் அந்த மூன்று வரியில் ஆறிப்போனது. எழுதியவர் பேருந்துப் பணிமனையில் பேருந்து கழுவும் ஓர் அம்மையார். முதல் பரிசு இதற்குத்தான் என்று அந்தக் கணமே முடிவு செய்தேன். முதல் பரிசு என்ன என்பது உங்களுக்குத் தெரியும். இந்த ஊரில் ஓடும் நாற்பது பேருந்துகளின் பக்கவாட்டிலும் அந்தக் கவிதையை ஓராண்டுக்கு எழுதி வைப்பார்கள்.

இனிமேல்தான் என் வெட்கம் தொடங்குகிறது. இத்தனை நேரம் உங்களைத் திட்டினேன். இப்போது என் முறை.

முப்பத்தொரு ஆண்டுகள் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். மருந்துச் சீட்டைக் கொடுத்தால்கூடப் பேனாவைத் திறந்துவிடுவேன். அந்த அம்மையாரின் கவிதையில் ‘ஐந்து நிறம்’ என்று இருந்தது. வானவில்லுக்கு எத்தனை நிறம்? சொல்லுங்கள். ஆம், ஏழு. பார்த்தீர்களா, ஒருவர்கூட யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. கை தன் வேலையைச் செய்தது. ஐந்தை அடித்தேன், ஏழு என்று எழுதினேன், அச்சுக்கு அனுப்பினேன். ஒரு நல்ல கவிதையைத் தலைகுனிவிலிருந்து காப்பாற்றிவிட்டோம் என்று பெருமையாகக் காப்பியும் குடித்தேன்.

நூல் வெளிவந்த மூன்றாம் நாள் அந்த அம்மையார் என் வீட்டு வாசலில் நின்றார். நீலச் சீருடை, ரப்பர் காலணி, கையில் மடித்த புத்தகம்.

“ஐயா, இதுல ஏழுன்னு போட்டிருக்கு. நான் அஞ்சுன்னுதானே எழுதினேன்?”

“வானவில்லுக்கு ஏழு நிறம்மா. நீங்க மறந்துட்டீங்க போல. நான் சரி பண்ணிட்டேன்.”

“மறக்கலைங்க. நானும் பள்ளிக்கூடம் போனவதான். ஆனா தினமும் எண்ணுறேன், அஞ்சுதான் வருது.”

“இருக்கட்டும்மா. பரிசு உங்களுக்குத்தான். நாப்பது பஸ்லயும் உங்க கவிதையை எழுதப்போறாங்க.”

இதைச் சொன்னதும் அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் சுருங்கியது. “அப்போ தினமும் அந்தப் பொய்யை நானே கழுவணுமாய்யா?” என்று கேட்டார். “வேணாங்க. வேற யாருக்காவது கொடுத்துடுங்க. இல்ல, நான் சொல்றதுல நம்பிக்கை இல்லேன்னா நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு டிப்போவுக்கு வாங்க. நீங்களே எண்ணிப் பாருங்க.”

போனேன். எண்ணெய் வழுக்கும் தரை, தகரக் கூரை, வரிசையாக நிற்கும் பேருந்துகள். தேநீரோடு நின்ற ஓட்டுநர் ஒருவர், “என்ன சார், இன்ஸ்பெக்‌ஷனா?” என்று கேட்டார். “இல்லப்பா, வானவில் எண்ண வந்திருக்கேன்” என்றேன். அவர் நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

அம்மையார் குழாயைத் திறந்து, வாயை விரலால் அழுத்தி, பேருந்தின்மேல் நீரை விசிறினார். நான் எதிரே நின்று பார்த்தேன். என்ன தெரிந்தது? ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் கண் கூசியது. தண்ணீர் மூக்குக்கண்ணாடியை நனைத்தது. அவர் அங்கிருந்தே சொன்னார்: “அங்க நின்னா நாள் பூரா நின்னாலும் தெரியாது. இந்தப் பக்கம் வாங்க. சூரியனுக்கு முதுகைக் காட்டுங்க.”

முதுகைக் காட்டினேன். அன்பர்களே, கைக்கெட்டும் தூரத்தில், பேருந்தில் எழுதியிருந்த பதினொன்று என்ற எண்ணுக்குக் கீழே, வளைந்து நின்றது வானவில்.

“நாலுதாம்மா தெரியுது” என்றேன்.

“கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாருங்க.”

துடைத்தேன். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம். அதற்கப்புறம்? அதற்கப்புறம் பேருந்துதான். ஐந்து. எத்தனை முறை எண்ணினாலும் ஐந்து. என் படிப்பு ஏழு என்றது, என் பழக்கம் ஏழு என்றது, என் கண் ஐந்து என்றது. நான் முப்பத்தொரு ஆண்டுகளில் முதன்முதலாகக் கண்ணை நம்பினேன்.

அந்த நேரத்தில் தேநீரை முடித்த ஓட்டுநர் வந்தார். “அக்கா, எடுக்கட்டுமா?” என்றார். குழாய் நின்றது. நிறம் ஐந்தும் நின்ற இடம் தெரியாமல் போயின. பேருந்து புறப்பட்டது. அப்போதுதான் அவருடைய மூன்றாவது வரி எனக்குப் புரிந்தது. ஓட்டுநர் வரும்வரைதான் அந்த வானவில்லுக்கு ஆயுள். தினமும் அவருக்குக் கிடைப்பது அந்தக் கொஞ்ச நேரம். அதைத்தான் அவர் எண்ணி எழுதினார். அதில்தான் நான் இரண்டு நிறத்தைக் கூட்டிக் கெடுத்தேன்.

வீட்டுக்கு வந்து மற்றக் கவிதைகளைப் புரட்டினேன். இருநூற்றுக்கும் மேற்பட்ட கவிதைகளில் சூரியனும் வானவில்லும் அருகருகே நிற்கின்றன, கைகோத்து நிற்கின்றன, கட்டித் தழுவி நிற்கின்றன. எந்த ஊர் வானத்தில் ஐயா இது நடக்கும்? சூரியன் ஒரு பக்கம் இருந்தால் வானவில் எதிர்ப்பக்கம் அல்லவா இருக்கும்? ஒருமுறை, ஒரே ஒருமுறை நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே. எனக்கும் தெரியவில்லை என்பதுதான் என் எரிச்சலுக்கே காரணம்.

மணியடிக்கிறார் செயலாளர். அடியுங்கள். உங்களிடம்தான் வருகிறேன்.

நேற்று மாலை குழு கூடியது. நான் திருத்தியதைத் திருத்த வேண்டும் என்றேன். செயலாளர் சொன்னார்: “ஐயா, பஸ்ல பள்ளிக்கூடப் பிள்ளைங்க போவாங்க. வானவில்லுக்கு அஞ்சு நிறம்னு எழுதி வெச்சா நம்ம மன்றத்தைப் பத்தி என்ன நினைப்பாங்க?” ஏழு என்று இருந்தால் முதல் பரிசு, ஐந்து என்றால் பிழையுள்ள கவிதை, போட்டியிலேயே இல்லை. அதுதான் குழுவின் கருத்து. பிழை செய்தவன் நானாயிற்றே, என்னை நீக்குங்கள் என்றேன். அதற்கும் ஒப்பவில்லை. தலைவர் இருபக்கமும் பார்த்துவிட்டு, “மேடையில பாத்துக்கலாம்” என்றார். பார்த்துக்கொண்டிருக்கிறோம் தலைவர் அவர்களே.

பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நினைப்பார்கள். குழாயடியில் நின்று எண்ணுவார்கள். ஒரு பிள்ளை நான்கு என்னும், ஒரு பிள்ளை ஆறு என்னும், சண்டை போட்டுக்கொண்டு மறுபடி எண்ணும். ஏழு என்று எழுதி வைத்தால் எந்தப் பிள்ளை எண்ணும்? தெரிந்ததை எதற்காக எண்ண வேண்டும்? இத்தனை பேர் எண்ணாமல் எழுதியதற்குக் காரணம் நாம் ஊட்டிய அந்த ஏழு அல்லவா?

அன்பர்களே, உங்கள் கையில் இருக்கும் விழா நூலில் பதினோராம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ‘ஏழு’ அடிக்கப்பட்டிருக்கும். அதன்மேல் பேனாவால் ‘ஐந்து’ என்று எழுதியிருக்கும். முந்நூறு பிரதி. நானும் துணைவியாரும் இன்று காலையிலிருந்து உட்கார்ந்து செய்த வேலை. செயலாளர் இப்போதுதான் திறந்து பார்க்கிறார். கோபப்படாதீர்கள் ஐயா, என் வாழ்நாளில் நான் செய்த திருத்தங்களில் இதுவொன்றுதான் முழுச் சரியானது.

இப்போது அந்தக் கவிதையைப் படிக்கப்போகிறேன். “மேடையில ஏழுன்னு படிச்சீங்கன்னா நான் அப்படியே கிளம்பிடுவேன், பரிசு வாங்க வரமாட்டேன்” என்று அந்த அம்மையார் சொல்லியிருக்கிறார். சொன்னதைச் செய்பவர் அவர். ஆகவே கவனமாகப் படிக்கிறேன்.

கழுவிய பேருந்து
ஐந்து நிறம் காத்திருக்கிறது
ஓட்டுநர் இன்னும் வரவில்லை

கை தட்டாதீர்கள். தட்டுவதற்கு முன் ஒரு வேண்டுகோள். மூன்று மணி நேரமாக இந்த மேடையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எத்தனை விளக்கு, எத்தனை வெளிச்சம், எத்தனை பெரிய மனிதர்கள். நீங்கள் எழுதியதும் இந்தப் பக்கம் பார்த்துத்தானே? நடுவருக்குப் பிடிக்குமா, தலைவருக்குப் பிடிக்குமா என்று எங்கள் முகத்தைப் பார்த்துத்தானே ஏழு நிறத்தையும் பூசி அனுப்பினீர்கள்? போதும். எழுந்திருங்கள். மூத்தோரே, மெதுவாக. தாய்மார்களே, பிள்ளைகளையும் தூக்கிக்கொள்ளுங்கள். கவிச்சூறாவளி, நீங்களும்தான். இந்த விளக்குகளுக்கு முதுகைக் காட்டுங்கள். எங்களுக்கு முதுகைக் காட்டுங்கள். திரும்பிப் பாருங்கள்.

அதோ, கதவருகே. நீலச் சீருடை. வேலை முடிந்து நேரே வந்திருக்கிறார், காலணியின் ஈரம் இன்னும் காயவில்லை. கதவிலிருந்து கையை எடுத்துவிட்டார் பாருங்கள்; இனி அவர் போகமாட்டார். தலைவர் மட்டும் திரும்ப வேண்டியதில்லை. ஐந்து என்று நான் படித்ததிலிருந்து அவர் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஐந்து என்றே எழுதி என் பையில் வைத்திருக்கும் முடிவுத் தாளில் ஒரு கையொப்பம் குறைகிறது தலைவர் அவர்களே. நாளைக் காலை ஓவியர் தூரிகையோடு பணிமனைக்குப் போகிறார். அவருக்கு ஐந்தா, ஏழா என்று தெரிய வேண்டும்.

தலைவர் பேனா கேட்கிறார். இதோ, என் பேனாவையே தருகிறேன்.

கையொப்பமிட்டுவிட்டார். செயலாளர் அவர்களே, இப்போது அந்த மணியை அடியுங்கள், நன்றாக அடியுங்கள்.

அம்மா, வாருங்கள். வழிவிடுங்கள் தோழர்களே, இப்போது கை தட்டுங்கள். என் கோபத்தைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியோருக்கு நன்றி. உறை பிரித்த துணைவியாருக்கு நன்றி. நாளை காலை வெயில் வந்ததும் ஒரு குழாயடிக்குப் போய் நின்று, எத்தனை நிறம் என்று நீங்களே எண்ணிவிட்டு எனக்குச் சொல்லுங்கள். எந்த எண்ணைச் சொன்னாலும் நான் திருத்தமாட்டேன். வணக்கம்.