பக்கத்துக் கட்டில்காரன்

மாலை ஏழு மணி. ஊரைத் தாண்டிய சாலை. விளக்குக் கம்பம் உண்டு, விளக்குதான் கிடையாது. அதில் ஒற்றையாக ஒரு கார்... ஓட்டிக்கொண்டு போகிறவள் என் தோழியின் சித்தி. நம்பாதவர்கள் இப்போதே போய்ப் படுத்துக்கொள்ளலாம். தனியாகப் போகத் தைரியம் இருந்தால்.

சித்தி பெரிய டாக்டர். குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆராய்ச்சி. மூச்சு மெஷினில் இருக்கும் பிள்ளைகளை மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருப்பார்கள். அந்த மருந்தைத் தினமும் கொஞ்ச நேரம் நிறுத்தி எழுப்பிவிட்டால் பிள்ளை சீக்கிரம் தேறுமா? இதுதான் கேள்வி. பாதிப் பிள்ளைகளை எழுப்புவார்கள். மீதிப் பேரை வழக்கம்போலத் தூங்க விடுவார்கள். யார் எந்தப் பாதி என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும்.

பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இரண்டு பிள்ளைகள். நடுவில் எப்போதும் திரை. ஒருத்தி எழுப்புகிற பாதி. வாயிலிருந்த மூச்சுக் குழாயை எடுத்ததும் அவள் பேசிய பேச்சில் நர்சுகள் வைத்த பேர் வாயாடி. சுருட்டை முடிப் பையன் தூங்குகிற பாதி.

அவன் அம்மா சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். "ஒரே ஒரு தடவை எழுப்பி விடுங்க மேடம். என் முகத்தைப் பார்த்துட்டுத் தூங்கட்டும்."

"குலுக்கல்ல வந்ததை மாத்தக் கூடாதும்மா. அப்புறம் ஆராய்ச்சியே பாழாயிடும்."

பையன் கண்ணைத் திறக்காமலே போய்விட்டான். ஆராய்ச்சி மட்டும் அமோகமாகத் தேறியது. எழுப்பின பிள்ளைகள்தான் சீக்கிரம் குணமானார்கள் என்று சித்தி மேடையில் சொன்னதும் அரங்கமே கை தட்டியதாம். நன்றாகத் தட்டினார்கள், போங்கள்! அதை நிரூபித்துக் கொடுத்ததில் அந்தச் சுருட்டைக்கும் பங்கு உண்டே. அவனைப் பற்றி யார் கேட்டார்கள்?

வீட்டுக்குப் போன பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்பது மிச்ச வேலை. அன்றைக்கு வாயாடி வீடு. பிள்ளை ஓடினாள், ஒற்றைக் காலில் நின்றாள், கட்டைகளை அடுக்கினாள். சித்திக்கு வாயெல்லாம் பல்.

"ஒரே ஒரு குறைதான் மேடம்," என்றாள் வாயாடியின் அம்மா. "ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல."

"ஏன்டா கண்ணு?"

"பக்கத்துக் கட்டில் பையன் வந்து நின்னுக்கிட்டே இருக்கான் ஆன்ட்டி. சுருட்டை முடி. வாயில குழாய். அவனை எப்ப எழுப்புவாங்கன்னு கேக்கிறான்."

சித்தி சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

"நீ என்ன சொன்னே?"

"நாளைக்கு ஆன்ட்டி வருவாங்க, அவங்க கூடவே போயிடுன்னு நேத்து சொல்லிட்டேன்."

திரும்பி வரும்போது... அதே சாலை. திடீரென்று ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாடை. ஜன்னலை இறக்கினாள். போகவில்லை. அப்புறம் பின்சீட்டிலிருந்து... உஸ்ஸ்... டக். உஸ்ஸ்... டக். மூச்சு மெஷின்! எத்தனை வருஷமாகக் கேட்ட சத்தம்! சித்தி திரும்பிப் பார்க்கவே இல்லை. வீட்டு வாசலில் காரைப் பூட்டிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடினாள்.

காலையில் போன். வாயாடியின் அம்மா.

"கோடி புண்ணியம் மேடம்! பாப்பா நேத்து அசையாமத் தூங்கினா. ஆனா எந்திரிச்சதிலிருந்து ஒரே அழுகை. உங்ககிட்ட சொல்லியே ஆகணுமாம்."

"என்னவாம்?"

"குழாயைப் பிடுங்கிடக் கூடாதுன்னு அந்தப் பையனுக்குக் கை ரெண்டையும் கட்டி வச்சிருக்காங்களாம். கார் கதவை அவனால தொறக்க முடியாதாம். நீங்க தொறந்து விடாமலே போயிட்டீங்களாம்."

சித்தி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். சுள்ளென்று வெயில். காரின் பின்கண்ணாடியில், உள்பக்கம்... ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.

இறங்கிப் போய் ஒரு கதவைத் திறந்தால் என்ன குறைந்துபோகும்? பெற்றவள் அழுதபோதும் மனசு வரவில்லை, இப்போதும் வரவில்லை. கார் தரகரைக் கூப்பிட்டாள். கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்றாள். அவர் வந்ததும் மாடியிலிருந்தே சாவியைத் தூக்கிப் போட்டாள்.

தரகர் முன்கதவைத் திறந்து உட்கார்ந்தார். மூக்கைச் சுளித்தார். பின்னால் திரும்பிப் பார்த்தார். அப்புறம் மெதுவாக இறங்கி, சத்தம் போடாமல் கதவைச் சாத்திவிட்டு, மாடியைப் பார்த்து அடிக்குரலில் கேட்டார்.

"மேடம், பின்சீட்ல பையன் தூங்குறானே... எழுப்பட்டுமா?"

சித்தி ஜன்னலைச் சாத்திவிட்டாள்.