கழுத்தில் மாட்டியிருந்த சாவி

முதல் பக்கத்தில் எழுதியுள்ள பெயரும் நாற்பத்தெட்டு என்ற வயதும் என்னுடையவையே. முகவரி கேட்டதற்குப் படகு என்றேன். படகு முகவரி ஆகாது என்று அதிகாரி சொன்னதால், இப்போது தங்கவைக்கப்பட்டிருக்கும் துறைமுக விடுதியை எழுதிக்கொள்ளச் சம்மதித்தேன்.

நானும் என் வீட்டுக்காரரும் சில வருடங்களாகப் பாய்மரப் படகிலேயே குடியிருந்து, தீவு தீவாகப் போய்வருகிறோம். சொந்தக்காரர்கள் எங்களைக் கொடுத்துவைத்தவர்கள் என்பார்கள். பாதி நாள் ஸ்பானரும் கையுமாகத்தான் போகும். ஒன்றைச் சரிசெய்து நிமிர்வதற்குள் அடுத்தது படுத்துவிடும். சம்பவத்தன்று ஒரு தீவின் அருகே நங்கூரம் போட்டிருந்தோம். பெரிய பாய் கிழிசல் தைப்பதற்காகக் கீழே அறையில் கிடந்தது. கரைக்குப் போய்வரும் சின்ன ரப்பர் படகு ஒட்டுப்போட்டுக் காற்றில்லாமல் மேல்தளத்தில் காய்ந்துகொண்டிருந்தது. வானம் தெளிவாக இருக்கிறதே என்று இரண்டையும் ஒன்றாகப் பிரித்துப்போடச் சொன்னவள் நான்தான்.

அதன் பிறகு, அறுந்த மீன்வலை ஒன்று புரொப்பல்லரில் சுற்றியிருப்பதைப் பார்த்து, அதை அறுத்தெடுக்க வீட்டுக்காரர் கத்தியுடன் கடலில் இறங்கினார். எங்களில் யார் அடியில் இறங்கினாலும் எஞ்சின் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் இறங்குவோம். மேலே இருப்பவர் மறந்துபோய் எஞ்சினைப் போட்டுவிட்டால் கீழே இருப்பவர் கதி அவ்வளவுதான் என்பதால் அப்படி ஓர் ஏற்பாடு. அன்று சாவியை மாட்டிக்கொண்டே, "நேத்து போட்ட சண்டைக்கு நீ பழிவாங்கிட்டா நான் என்ன பண்றது?" என்றார். "வாயாடாம சீக்கிரம் வாங்க, காபி ஆறிடும்" என்றேன்.

மாற்றுச் சாவி இல்லையா என்று கேட்கப்பட்டது. அது போன மாதம் என் கையிலிருந்து நழுவிக் கடலில் மூழ்கிவிட்டது. அதன் பிறகுதான் மிச்சமிருந்த சாவியின் கயிற்றில், தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும்படி, ஒரு தக்கையைக் கட்டிவைத்தேன்.

அதன் பிறகு தீவின் மலைக்குப் பின்னாலிருந்து மழையும் காற்றும் ஒன்றாக வந்தன. நங்கூரம் பிடிவிட்டு, படகு பவளப்பாறைப் பக்கம் இழுபட்டது. வீட்டுக்காரர் மேலே வருவதற்குள் படகு அவரை விட்டு விலகியிருந்தது. அறுத்த வலையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். அதன் பிறகுதான் நிலைமை அவருக்குப் புரிந்தது. நான் கயிற்றை வீசினேன், எதிர்க்காற்று அதை என் மேலேயே திருப்பிப் போட்டது. நங்கூரச் சங்கிலி முழுவதையும் கையாலேயே விட்டுப் பார்த்தேன், பிடிக்கவில்லை. ரேடியோவில் கூப்பிட்டபோது தூரத்திலிருந்த மீன்படகுக்காரர், "வர்றோம்மா, கெட்டியா பிடிச்சுக்கிட்டு இருங்க" என்றார். எதைப் பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு படகின் முன்பக்கம் போய் நின்றேன். அவர் நீந்திக்கொண்டே இருந்தார், படகு தள்ளிக்கொண்டே போனது. எஞ்சின் ஓடினால் அவரிடம் திரும்பிப் போய்விடலாம் என்பது மட்டும்தான் என் புத்தியில் இருந்தது. "சாவி! சாவி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் நீந்துவதை நிறுத்திவிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். கையசைக்கிறார் என்று நினைத்து நானும் கையசைத்தேன். அதன் பிறகு மழை மறைத்துவிட்டது. படகு பாறையில் மோதி உடைந்தது. மீன்படகுக்காரர்கள் என்னை ஏற்றிக்கொண்டார்கள். அவரை இதுவரை காணவில்லை.

இன்று காலை, உடைந்த படகின் அருகே மிதந்ததாக மீன்படகுக்காரர் கொண்டுவந்து ஒப்படைத்த சாவி எங்களுடையதுதான். தக்கை கட்டியிருக்கிறது. கயிறு அறுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். அறுந்திருக்கவில்லை, நான் போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது. தலை வழியாகக் கழற்றினால்தான் அது வெளியே வரும்.

தேடுவதை நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் கூப்பிட்டது சாவியை அல்ல, அவரைத்தான் என்பதையும் எழுதிக்கொள்ளுமாறு கேட்டேன், எழுதிக்கொண்டார்கள். வாசித்துக் காட்டியதைக் கேட்டேன். நடந்ததும் நான் சொன்னதும் இதுவே.

(ஒப்பம்)