ஒன்பது நாளாய்ப் பேசாத கம்ப்யூட்டர்

ஹலோ... ஹலோ, முத்தமிழ்செல்வன் தம்பிங்களா? கம்ப்யூட்டர் ரிப்பேர்... ஆமா, நான் அரியலூர் ஆபீஸ்லேந்து அடைக்கலமேரி பேசறேன். கண்ணு தெரியாத டைப்பிஸ்ட்டு... ஆமா ஆமா, அந்தப் பேசற கம்ப்யூட்டர்தான். அது பேசி ஒம்போது நாளாச்சுங்க.

...வேப்பந்தட்டையிலயா இருக்கீங்க? எப்ப கெளம்புவீங்க?... நாளைக்கா. நாளைக்கு வந்து என்னங்க பண்றது. மூணு மணிக்கு சூப்பிரண்டு சிவசுப்பிரமணியன் சார் ஃபைலத் தூக்கிக்கிட்டு அதிகாரிகிட்டப் போறாரு. இந்தம்மாவால இனிமே டைப் அடிக்க முடியாது, தபால் பிரிவுல கவர் ஒட்ட விடலாம்னு நோட்டு போட்டிருக்காரு. பதினாலு வருசம் டைப் அடிச்ச கை தம்பி இது...

அதுக்கு ஆதாரம் என்ன தெரியுமா? நீங்க எழுதிக் குடுத்த ரிப்போர்ட்டு. சவுண்டு கார்டு செத்துப்போச்சுன்னு... சரி, சரி. சண்டைக்குக் கூப்புடலைங்க. எல்லாரும் சாப்புடப் போயிட்டாங்க, கூட்டற ஆண்டாயி அக்கா மட்டுந்தான் இருக்காங்க. நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்.

...ஸ்கிரீன்ல ஸ்பீக்கர் படம் தெரியுதான்னு என்கிட்டயே கேக்கறீங்களே... பரவால்ல, விடுங்க... இல்லைங்க, விண்டோஸ் இல்லை, லினக்ஸு. நீங்கதானே போட்டுக் குடுத்தீங்க. எழுத்தை அமுத்தினா படிச்சுக் காட்டும், அதுதானே எனக்குக் கண்ணு.

...ஸ்பீக்கர் நல்லாருக்கு. எப்புடின்னா, பின்னாடி சொருகியிருக்கற ஒயரை உருவி, நுனிய வெரலால தொட்டேன், குர்ருன்னுச்சு. அப்ப ஸ்பீக்கருக்கு உசுரு இருக்கு, கம்ப்யூட்டர்தான் சத்தத்த அனுப்ப மாட்டேங்குது. சரிதானே?... நீங்க ரெண்டு தடவ வந்தும் இத செஞ்சு பாக்கலை தம்பி. ஸ்கிரீனையே பாத்துட்டுப் போயிட்டீங்க... ம்... ம்...

முன்பக்கமா? கம்ப்யூட்டர் பொட்டிக்கு முன்னாடி ஒண்ணுமே சொருகலைங்க... சரி, தடவிப் பாக்கறேன், இருங்க. ரெண்டு ஓட்டை இருக்கு. ஒண்ணுல நகம் உள்ள போவுது. இன்னொண்ணுல... போவலை. அடைச்சிருக்கு. ஜில்லுன்னு இரும்பு மாதிரி என்னமோ உள்ள இருக்குங்க.

...ஆமா, வட்டமாத்தான் இருக்கு... முறிஞ்சதா? இயர்போன் முனையா?... ஓ. அது உள்ள இருந்தா, இயர்போன் மாட்டியிருக்குன்னு நெனச்சுக்கிட்டு ஸ்பீக்கர அடைச்சுடுமா? இவ்ளோ நாளும் இல்லாத காதுக்குத்தான் பேசிக்கிட்டு இருந்துச்சா?

லைன்ல இருங்க தம்பி. ஆண்டாயி அக்கா, இது பேச்சு நின்னதுக்கு முந்தின நாள் நான் ஏலாக்குறிச்சி மாதா தேருக்கு லீவு போட்டேன்ல, அன்னைக்கு என் சீட்ல யாரு உக்காந்தது?... யாரு?... என்ன பாத்தாரு?... ஒயரக் குப்பைல போட்டாரா?... சரிக்கா. ஒன்னைய யாருமே கேக்கலை, நீ என்ன பண்ணுவ.

தம்பி, இருக்கீங்களா? பக்கத்து சீட்டு பரணிதரன் சாராம். மதியத்துல என் கம்ப்யூட்டர்ல கிரிக்கெட் பாத்திருக்காரு. மறுநாள் முனை முறிஞ்ச இயர்போனு குப்பைத்தொட்டில கெடந்துச்சாம்.

...ஒடைச்சதுக்கு எனக்குக் கோவமே இல்லைங்க. பொருள்னா ஒடையத்தான் செய்யும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே. இந்த ஒம்போது நாளும் காலைல டீ வாங்கியாந்து வெக்கறாரு, மாதா பாத்துக்குவாங்க மேரிம்மான்னு ஆறுதல் வேற. என்னைத் தபால் பிரிவுக்குத் தள்ளற நோட்டு இருக்கே, அத டைப் அடிச்சதே அவருதான். பக்கத்துல உக்காந்துதான் அடிச்சாரு, சத்தம் எனக்குக் கேட்டுச்சு... ச்சீ. சோத்துல பல்லி கெடந்த மாதிரி இருக்கு தம்பி. இனிமே அந்த டீயத் தொட மாட்டேன்.

...ஆமா. ஆமா, மணி ஆவுது. சொல்லுங்க. துண்டு உள்ளயே இருக்கட்டும், அத கண்டுக்காம ஸ்பீக்கருக்கே சத்தத்த அனுப்புன்னு உத்தரவு அடிக்கணுமா, சரி... கன்ட்ரோல், ஆல்ட்டு, டி. அமுத்திட்டேன்... உத்தரவு அடிக்கற எடம் தொறந்துச்சான்னு எனக்கு எப்புடித் தெரியும்? அக்கா, ஸ்கிரீன்ல எதாச்சும் மாறிச்சா?... கருப்பா ஒரு பொட்டி வந்திருக்காம். படிக்கத் தெரியாதுன்னு கூச்சப்படறாங்க. நீ படிக்க வாணாங்க்கா, இருக்குன்னு மட்டும் சொல்லு, இன்னைக்கு நீதான் எனக்குக் கண்ணு.

ம், எழுத்து எழுத்தா சொல்லுங்க... ஏ... எம்... ஐ... எக்ஸ்... ம்... எடம் விட்டாச்சு... ம்... ம்... கடைசி வார்த்தைக்கு முதல் எழுத்து பெருசா? சரி... என்டர். போட்டுட்டேன்.

...இல்லைங்க. சத்தம் வரலை.

...எழுத்த ஒண்ணு விட்டிருப்பனா? இன்னொரு தடவ சொல்லுங்க. மெதுவா. மாதாவே... ஏ... எம்... ஐ... ம்... ம்... என்டர்.

...

கேட்டுச்சா தம்பி? ஒங்களுக்கே கேட்டுச்சா? அந்த மூக்கடைச்ச கொரலு... இருங்க, எதாச்சும் அடிச்சுப் பாக்கறேன்... அ... ஆ... சொல்லுது. எல்லாத்தையும் சொல்லுது. ஆண்டாயி அக்கா கைதட்டறாங்க, கேக்குதா?

...அழலைங்க. நல்லாத்தான் இருக்கேன்.

இப்ப நீங்க ஒண்ணு செய்யணும். சூப்பிரண்டுக்கு இந்த நிமிசமே போன் போடுங்க. சவுண்டு கார்டு சாவலை, முன்னாடி ஓட்டைல ஒரு துண்டு மாட்டியிருந்துச்சு, நான் பாக்காம எழுதிட்டேன்னு சொல்லுங்க. ஒங்களுக்கு அது கஷ்டந்தான், தெரியுது... செய்யறீங்களா? ரொம்ப நன்றிங்க. நல்லாருப்பீங்க.

...வாணாம். பரணி சார் பேர நீங்க சொல்லாதீங்க. நானும் சொல்ல மாட்டேன்... எரக்கமெல்லாம் இல்லைங்க, இப்ப அந்தாளு நெனப்பே எனக்குக் கசக்குது. ஆனா அது அவரு வாயால வரணும். நாம புடிச்சுக் குடுத்தா வெறும் திருடனாத்தான் நிப்பாரு...

ஒரு நிமிசம். செருப்புச் சத்தம் வருது. அவருதான், இழுத்து இழுத்து நடப்பாரு... கம்ப்யூட்டர் பேசறத கேட்டுட்டாரு போல, வாசல்லயே நின்னுட்டாரு.

நான் வெச்சுடறேன் தம்பி, நீங்க மொதல்ல சூப்பிரண்டுக்குப் போடுங்க.

உள்ள வாங்க பரணி சார். ஆமா, பேசுது... மூணு மணிக்கு இன்னும் இருவது நிமிசம் இருக்கு. ஒங்க பேரு இன்னும் சூப்பிரண்டு காதுக்குப் போவலை. அவரு ரூமு தொறந்துதான் இருக்கு, நீங்களே போயி சொல்லிட்டு வாங்க.