பறிகூலி எழுதாத பீர்க்கங்கொடிக் கணக்கு

நீறு துலங்கும் நெற்றியும் நேர்மை துலங்கும் நெஞ்சும் உடையவராய், கிள்ளான் காய்கறி ஆய்வுப் பண்ணையை முப்பத்தோராண்டு முருகன் முன்றில் எனப் போற்றி, இன்று பணி நிறைவுறும் பெருந்தகை திரு. சண்முகரத்தினம் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் தொடுத்த சொன்மாலை இது. வாடிய மாலையே எனினும் ஏற்றருள்க.

கொடிக்குக் கொடி குழாய் இழுத்து, கரைத்த உரத்தைச் சொட்டுச் சொட்டாய் வேருக்கு ஊட்டியவர் அவர். கையால் உரமிட்ட பாத்தியில் பருவம் முழுதும் பத்துக் கூடை காய்த்த பீர்க்கு, அவர் பாத்தியில் பதினாறு கூடை காய்த்தது. ஆதாயமும் அவ்வாறே பெருகும் என்று அவர் எழுதிய கையேடு சிலாங்கூர் மாநிலம் எங்கும் சென்றது. அதை நம்பிப் பூச்சோங்கில் நல்லம்மாள் என்பவர் கறவை மாடு இரண்டையும் விற்று, ஓர் ஏக்கருக்குக் குழாய் பதித்தார்.

அறுவடை முடிந்ததும் அவ்வம்மையார் பண்ணைக்கு வந்து, யாழ்ப்பாணப் பேச்சு மாறாத நம் பெரியவரைக் கண்டார்.

“காய் கொட்டுது ஐயா. ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கணும். பறிச்ச ஆளுங்க கூலியிலயே எல்லாம் போயிருச்சு. ஒங்க கணக்குல அந்தக் கூலி எங்க?”

“இஞ்சை பறிக்கிறது அரசாங்கச் சம்பளக்காரர், அம்மா. நான் அதை எழுதேல்லை.”

“அப்போ எனக்கும் அரசாங்கச் சம்பளம் வாங்கிக் குடுங்கலா,” என்று சிரித்துவிட்டுப் போனார். இன்று அவர் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி ஒட்டுகிறார்.

அன்றிரவே நம் பெரியவர் கணக்கை மீண்டும் போட்டார். பறிகூலியைச் சேர்த்ததும் ஆதாயம் நட்டமாயிற்று. கையேட்டைத் திருத்தும்படி நான்கு ஆண்டுகள் மேலிடத்துக்கு எழுதினார். அச்சிட்டவை தீரட்டும் என்று பதில் வந்தது. சென்ற மாதம் தீர்ந்தன. பழையதையே மறுபடி அச்சிட்டார்கள்.

இம்மடலில் தம் புகழ் வேண்டாம், தம் பிழையை எழுதுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். எழுதினோம்: கூலிக்கு ஆள் வைத்துப் பறிக்கும் சிறு தோட்டக்காரருக்குச் சொட்டுநீர் உரம் காயைப் பெருக்கும், கைக்காசைக் கரைக்கும். இத்திருத்தம் ஏறிய ஒரே தாள் இதுதான். இதைக் கண்ணாடிச் சட்டமிட்டுத் தருகிறோம். பிரிக்பீல்ட்ஸில் அவர் வீட்டுச் சுவரில் தொங்கும். பீர்க்கு பயிரிடுவோர் எவரும் அங்கே வரப்போவதில்லை.

ஐயா, கந்தவேள் கழல்நிழலில் பிணியும் மூப்பின் துயரும் தங்களை அணுகாதிருக்க. எங்களால் தர இயலாத மன்னிப்பை அவன் தருக.

இங்ஙனம்,
காய்கறி ஆய்வுப் பண்ணை ஊழியர்கள்,
கிள்ளான், 1989