ஒன்பது மீட்டருக்குப் பதினைந்து முடிச்சு

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் மூன்றையும் தனிப் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வயது நாற்பத்தாறு. நகராட்சியின் கட்டட அனுமதிப் பிரிவில் பத்தொன்பது வருடமாக வரைவாளராக வேலை பார்க்கிறேன். மனைவி, ஒரு மகன். நேற்றுக் காலை தாங்கள் இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்து உட்கார வைத்திருக்கும் கண்ணாடிக் கடைக்காரர் என் மனைவியின் அக்கா கணவர், அதாவது என் சகலை. அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. என் மாமியார் அவர் வீட்டில்தான் இருக்கிறார்.

எனக்கும் அவருக்கும் முன்விரோதம் உண்டா என்று கேட்டதற்கு, இல்லை என்று சொல்கிறேன். அவர் யாரோடும் விரோதம் வைத்துக்கொள்ள மாட்டார், அதுதான் சங்கடமே. எங்கள் வீட்டில் குழாய் ஒழுகினால் என் மனைவி முதலில் அவரைத்தான் கூப்பிடுவாள். என் மகன் சைக்கிள் பழகியது அவரிடம். என் மாமியாருக்கு அவர் பெரிய மாப்பிள்ளை, நான் சின்ன மாப்பிள்ளை. உயரத்தில் நான்தான் நான்கு விரற்கடை கூடுதல். இதெல்லாம் வழக்குக்குத் தேவையில்லை என்று அதிகாரி சொன்னார். தேவை, எழுதிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

சகலையின் வீடு மேட்டுத் தெருவின் கடைசி வீடு. அந்தத் தெருவில் எந்த போனும் எடுக்காது. மாமியார் இரண்டு முறை தலைசுற்றி விழுந்தபோது ஆம்புலன்ஸைக் கூப்பிட, சரிவில் இறங்கி பேக்கரி முனை வரைக்கும் ஓட வேண்டியிருந்தது. அதன் பிறகு சகலையே ஒரு செல்போன் கம்பெனிக்குப் போய், தன் மொட்டை மாடியில் ஆண்டெனா கோபுரம் வைத்துக்கொள்ளச் சொல்லி மனுக் கொடுக்க வைத்தார். மாடித் தளத்திலிருந்து ஒன்பது மீட்டர் உயரம், வெளிர் சாம்பல் நிறம் என்று மனுவில் இருந்தது. மனு எங்கள் பிரிவுக்கு வந்த அன்று என் மனைவி, "தெருவுக்கே நல்லது பண்றாரு அத்தான், நீங்களும் இருக்கீங்களே" என்றாள். நான் என்ன செய்யவில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இப்படிப்பட்ட மனு வந்தால், கோபுரம் கட்டிய பிறகு தெரு எப்படித் தெரியும் என்று படம் தயாரிப்பது என் வேலை. தண்ணீர் டிரம் அளவுள்ள சிவப்பு பலூனில் வாயு நிரப்பி, மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டி, மனுவில் உள்ள உயரத்துக்குப் பறக்க விட வேண்டும். அதன் பிறகு நான் தெருவில் இறங்கி நான்கு இடங்களிலிருந்து போட்டோ எடுத்து, அலுவலகத்தில் பலூன் இருக்கும் உச்சி வரைக்கும் கோபுரத்தை வரைந்து சேர்க்க வேண்டும். ஆள் பற்றாக்குறையால் கயிற்றை வீட்டுக்காரரே பிடித்துக்கொள்வது எங்கள் அலுவலக வழக்கம். எத்தனை முடிச்சு விடப்பட்டது என்பதை அளவுத்தாளில் எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்குவோம்.

இரண்டரை மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு நான் அவருடைய மாடிக்குப் போனேன். அவர் எனக்காக நாற்காலி போட்டு, குடை கட்டி வைத்திருந்தார். மாமியார் கீழேயிருந்து, "பெரியவருக்கு வெயில் ஆகாது, பார்த்துக்கோங்க" என்று என்னிடம் சொன்னார். வெயிலில் நின்றவர்கள் இரண்டு பேர். அதன் பிறகு நான் கயிற்றை அவர் கையில் கொடுத்து, பதினைந்து முடிச்சு விடச் சொன்னேன்.

"ஒன்பதுன்னுதானே பேப்பர்ல இருக்கு?" என்று அவர் கேட்டார்.

"காத்துல சாயும் சகலை, அதுக்கும் சேர்த்து விடணும்" என்றேன். அது பச்சைப் பொய். அன்று இலைகூட அசையவில்லை.

"நீங்க படிச்சவர், சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, ஒவ்வொரு முடிச்சாக வாய்விட்டு எண்ணிப் பதினைந்து விட்டார். அளவுத்தாளில் உயரத்தை எழுதாமல் அந்த இடத்தை வெறுமையாக விட்டு நீட்டினேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவசரப்படவில்லை.

போட்டோ எடுக்கும்போது பள்ளிக்கூடச் சுவர் ஓரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, கீழிருந்து மேலாக எடுத்தேன். அலுவலகத்தில் கோபுரத்துக்கு வெளிர் சாம்பலுக்குப் பதிலாகக் கரும் சாம்பல் பூசினேன். படத்துக்கு அடியில் "உயரம் 9 மீட்டர்" என்று எழுதினேன், அளவுத்தாளிலும் அப்படியே நிரப்பினேன். பத்தொன்பது வருடத்தில் நான் இவ்வளவு சிரத்தையாக ஒரு படம் செய்ததில்லை. நிழல்கூட விழுந்திருந்தது.

பத்து நாள் கழித்து நகர்மன்றக் கூட்டத்தில் அந்த நான்கு படங்களையும் திரையில் காட்டினார்கள். மேட்டுத் தெருக்காரர்கள் முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். ஓய்வு பெற்ற டீச்சர் அம்மா ஒருவர் எழுந்து, "காலையில ஜன்னலைத் திறந்தா இந்த எலும்புக்கூட்டு மூஞ்சியிலயா முழிக்கணும்?" என்று கேட்டார். கைதட்டல் ஓயச் சிறிது நேரம் ஆனது. மன்றத்தில் பதினொரு பேர் எதிர்த்தும் இரண்டு பேர் ஆதரித்தும் கை தூக்க, மனு தள்ளுபடி ஆனது. சகலை மூன்றாவது வரிசையில் இருந்தார். படத்தைப் பார்த்தார், அடியில் இருந்த ஒன்பதைப் பார்த்தார், அதன் பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. எழுந்து ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். வெளியே வந்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சே, சாப்பிட்டீங்களா சகலை?" என்று மட்டும் கேட்டார்.

அன்று வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டேன். மறைக்கவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு விஷயத்திலாவது அவருக்கு இல்லை என்று ஆயிற்றே என்று இருந்தது. அதன் பிறகு தெருக்காரர்கள் அவர் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். தெருவையே விற்கப் பார்த்த மனிதர் என்று பேசிக்கொண்டார்கள்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. சகலை மறுபடியும் பேக்கரி முனைக்கு ஓடினார். ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மாமியார் கட்டுப் போட்ட கையோடு, "செருப்புகூடப் போடாம ஓடினாருப்பா பெரியவர்" என்று ஆறு தடவை சொன்னார். அவரை ஓட வைத்தது யார் என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இன்னொருவர் மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டு நின்றார். என்னால் அந்த அம்மாவின் கையைப் பார்க்க முடியவில்லை. சகலையின் காலையும் பார்க்க முடியவில்லை, உள்ளங்கால் கிழிந்திருந்தது.

அதன் பிறகு போன மாதம் கம்பெனி இன்ஜினியர் தானே பலூன் விட்டுப் பார்த்திருக்கிறார். ஒன்பது மீட்டரில் அது தண்ணீர்த் தொட்டிக்கு மேல் கொஞ்சம்தான் தெரிந்தது. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்ததும் குட்டு வெளிப்பட்டது. கயிற்றைப் பிடித்தவர் சகலை, அளவுத்தாளில் கையெழுத்தும் அவருடையது. அதனால் வேறொரு கம்பெனியிடம் கை நீட்டிப் பணம் வாங்கிக்கொண்டு இந்த மனுவைக் கெடுத்தார் என்று கம்பெனிக்காரர்கள் அவர் மேல் புகார் கொடுத்தார்கள். நேற்றுக் காலை ஒன்பது மணிக்குக் கடை வாசலில் வைத்து அவரை அழைத்து வந்தீர்கள். முடிச்சை எண்ணியதில் தன்னுடைய தவறு என்றும், வரைவாளருக்கு இதில் ஒன்றும் தெரியாது என்றும் அவர் வாக்குமூலம் கொடுத்திருப்பதாக அறிந்தேன்.

நேற்று என் வீட்டில் அடுப்பு எரியவில்லை. மாமியார் வந்து உட்கார்ந்து, "யாரையோ காப்பாத்துறாரு, அவர் குணம் அப்படி" என்றார். என் மனைவி அழுதுகொண்டே, "அத்தான் மாதிரி ஒருத்தர் பொறக்கணும்" என்றாள். என் மகன் என்னைப் பார்த்து, "பெரியப்பாவை வெளியில கொண்டுவர நீங்க எதுவும் பண்ண மாட்டீங்களாப்பா?" என்று கேட்டான்.

இன்று காலை ஏழே முக்காலுக்கு மாற்றுச் சட்டை கொடுக்க நான் இங்கே வந்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரே நாளில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. ஏட்டு அந்தப் பக்கம் போனதும் என் காதருகில், "உங்களுக்கு உத்தியோகம் போயிடும் சகலை. எனக்குக் கடை இருக்கு, எப்படியும் பொழைச்சுக்குவேன். வாயைத் திறக்காம வீட்டுக்குப் போங்க" என்று சொன்னார். அதோடு விட்டிருக்கலாம், என் தோளையும் தட்டிக் கொடுத்தார்.

நான் வெளியே போகாமல் நேராக இந்த மேஜைக்கு வந்து காகிதம் கேட்டேன். மனசாட்சி உறுத்தியதால் தானாக முன்வந்து என்று போட்டுக்கொள்ளலாமா என்று அதிகாரி கேட்டார். வேண்டாம் என்றேன். என் மனசாட்சி இரண்டரை மாதமாகச் சும்மாதான் கிடந்தது. பொறாமைதான் என்னை எழுப்பிக் கொண்டுவந்தது, அப்படியே எழுதுங்கள். உத்தியோகம் போகட்டும். நான் செய்த குற்றத்தைக்கூட அவர் எடுத்துக்கொண்டு போய் நல்ல பேர் வாங்குவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. குற்றம் என்னுடையது, முழுக்க என்னுடையது, அதில் அவருக்குப் பங்கு கிடையாது.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இதை வாங்கவில்லை. இதில் உள்ளது அத்தனையும் உண்மை. நேற்று அவர் கொடுத்த வாக்குமூலம் அத்தனையும் பொய். இரண்டையும் ஒரே கோப்பில் வைக்கும்போது என்னுடையதை மேலே வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்)
வரைவாளர், கட்டட அனுமதிப் பிரிவு