வெட்டி வெட்டி எழுதின கொப்பி

டான்டினோங் போகும் ரயிலில் எனக்கு முன்னால் ஒரு தாயும், பள்ளிச் சீருடையில் மகளும். திடீரென்று மகள் சொன்னாள்:

"அம்மா, உங்கட அட்ரஸ் கொப்பியாலதான் நான் ஜோகிரபியில முதலாவது!"

"விசர்க்கதை. அது கலியாணக் கார்ட் அனுப்புற கொப்பி."

"சனம் ஏன் இடம் மாறுதெண்டு புரொஜெக்ட். டீச்சர் அட்லஸ், வெப்சைட் எல்லாம் எழுதித் தந்தவ. நான், ஆக்கள் வீடு மாற மாற நீங்கள் பழசை வெட்டி வெட்டி எழுதின அட்ரஸ் எல்லாத்தையும் மேப்பில போட்டன். எங்கட ஆக்கள் முதல் வந்து குடியேறின நோபிள் பார்க்கில இருந்து எங்கயெல்லாம் போனவையெண்டு அப்படியே தெரிஞ்சுது."

"ஊத்தைக் கொப்பி, எறியெண்டு உன்ர அப்பா ஒத்தைக் காலில நிண்டவர்."

"டீச்சர் அதை ஸ்கூல் லைப்ரரிக்குக் கேக்கிறா."

தாய் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"குடுக்கேலாது. கார்ட் அனுப்ப இன்னும் மூண்டு கலியாணம் கிடக்கு. வேணுமெண்டா டீச்சரை வீட்டை வந்து கொப்பியைப் பாக்கச் சொல்லு."